பின் பொருந்தினால் போதுமா? ஸ்மார்ட் ஹோம் ஹப்புக்கு மாற்று அடாப்டர்

கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் பெற்ற பலர் அடுத்ததாக ஸ்மார்ட் ஹோம் ஹப் ஒன்றையும் வீட்டில் வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். விளக்குகள், கதவு சென்சார், ஸ்மார்ட் ப்ளக் போன்றவற்றோடு வயர் இல்லாமல் தொடர்பு கொண்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் சிறிய பெட்டிதான் இந்த ஹப். இது தனிப் பெட்டியாகவும் வரும். நாம் பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கருக்குள் சேர்ந்தும் வரும். எப்படி வந்தாலும் இதற்கு மின்சாரம் தருவது, சுவரில் செருகும் ஒரு சின்ன அடாப்டர். அது கெட்டுப் போகும் வரை அப்படி ஒன்று இருப்பதையே நாம் நினைப்பதில்லை.

கெட்டுப் போனதும் என்ன செய்கிறோம்? அலமாரியில் பழைய அடாப்டர்கள் கிடக்கும் டப்பாவை எடுத்துக் கவிழ்க்கிறோம். பழைய மோடம், செட்-டாப் பாக்ஸ், எப்போதோ போன கார்ட்லெஸ் போன், எதனுடையது என்றே தெரியாத இரண்டு மூன்று என எல்லாம் வந்து விழும். எதன் பின் ஹப்பில் பொருந்துகிறதோ அதைச் செருகி சுவிட்சைப் போடுகிறோம்.

நானும் அதைத்தான் செய்தேன். பல வருடங்களாக மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் பற்றிச் சொல்லிக் கொண்டிருப்பவன் செய்யக் கூடாத வேலை. ஐப்பசி மாதத்து இடி மழையில் ஒரு நாள் மாலை எங்கள் வீட்டு விளக்குகளுக்கான ஹப் அணைந்து போனது. அதன் அடாப்டர் 5 வோல்ட். டப்பாவில் இருந்த பழைய ரவுட்டர் அடாப்டரின் ரவுண்ட் பின் அப்படியே உள்ளே போய் இறுக்கமாக உட்கார்ந்தது. லேபிளைப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் "டிக்" என்று ஒரு சத்தம், பின்னர் லேசான கருகல் வாசனை. அந்த அடாப்டர் 12 வோல்ட். மழையில் போனது அடாப்டர் மட்டும்தான். ஹப்பைக் கொன்றது நான்.

ஹப்பின் விலை ஒரு நஷ்டம். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை வேறு. ஹப்போடு சேர்த்து வைத்திருந்த பதினான்கு விளக்குகளின் பட்டியல், எது எப்போது எரிய வேண்டும் என்ற அமைப்பு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. புது ஹப் வாங்கி, நாற்காலி போட்டு ஏறி, ஒவ்வொரு விளக்கையும் ஹோல்டரிலிருந்து கழற்றி, அதன் எண்ணைப் பார்த்து மீண்டும் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விட்டது. அதுவரை நான்கு இரவுகள் ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் இடையே உள்ள நடை இருட்டாகவே இருந்தது. "எழுந்து நடந்தா தானா எரியும்னு சொன்னியேடா" என்று அம்மா கேட்டார். அவருக்கு வயது 74. சுவரைப் பிடித்துக் கொண்டுதான் நடந்திருக்கிறார். அவர் கையில் ஒரு டார்ச் லைட்டைக் கொடுத்துவிட்டுத்தான் இந்த அடாப்டர் விஷயத்தை முறையாகப் படிக்க உட்கார்ந்தேன்.

கெட்டது எது?

மாற்று அடாப்டர் வாங்கும் முன்னர், கெட்டது அடாப்டர்தானா என்று பார்த்துவிடுங்கள். அதே ப்ளக் பாயிண்டில் மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். போன் சார்ஜ் ஆனால் பாயிண்டில் குறை இல்லை. ஸ்பைக் கார்டு வழியாக இணைத்திருந்தால், அதை விட்டுவிட்டு நேரடியாகச் சுவரில் செருகிப் பார்க்கவும். ஸ்பைக் கார்டில் ஃபியூஸ் போயிருப்பதை கவனிக்காமல் அடாப்டருக்கு ஆர்டர் போட்டவர்கள் உண்டு.

முழுதாகச் செத்துப்போன அடாப்டரைக் கண்டுபிடிப்பது எளிது. சாகப் போகும் அடாப்டர்தான் நம்மை ஏமாற்றும். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வருடக் கணக்கில் சூட்டில் இருந்து வலு இழந்துவிடும். ஹப் சும்மா இருக்கும் போது எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். சத்தமாகப் பாட்டு போடும் போதோ, அப்டேட் இறங்கும் போதோ ஹப்புக்கு அதிக மின்சாரம் தேவைப்படும். அப்போது அடாப்டரால் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிந்து, ஹப் தானாக ரீஸ்டார்ட் ஆகும். நமக்கோ "ஆஃப்லைன்" என்ற செய்தி மட்டும்தான் மொபைலில் தெரியும். உடனே இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு சண்டை பிடிக்கிறோம். என் நண்பர் ஒருவர் இந்தக் காரணத்திற்காக ரவுட்டரையே மாற்றிவிட்டார். பிறகும் ஹப் விழுந்து விழுந்து எழுந்தது. கடைசியில் பார்த்தால், 2 ஆம்பியர் தேவைப்படும் ஹப்புக்கு 1 ஆம்பியர் தரும் பழைய மொபைல் சார்ஜரை மாட்டி வைத்திருந்தார்.

ஹப் இப்படித் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்து கொண்டிருந்தால் அதை அப்படியே விட்டு வைக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளே மெமரியில் எழுதிக் கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அதில் உள்ள மென்பொருளே சிதைந்துவிட வாய்ப்புண்டு. அதன் பின்னர் நல்ல அடாப்டர் போட்டாலும் பயன் இல்லை.

லேபிளில் படிக்க வேண்டியது

அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் நிறைய அச்சிட்டிருப்பார்கள். மொபைல் போனில் ஒரு போட்டோ எடுத்து, அதைப் பெரிதாக்கிப் படித்தால் கண்ணுக்குச் சிரமம் இல்லை. முதலில் "இன்புட்" என்ற வரி இருக்கும். இது சுவரிலிருந்து வாங்கிக் கொள்ளும் மின்சாரம். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் நமது 230 வோல்ட் மின்சாரத்தில் நன்றாக வேலை செய்யும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த பொருளாக இருந்தால் மட்டும் இதை உற்றுப் பாருங்கள். வெறும் 120 வோல்ட் என்று போட்டிருந்தால் அதை நம் ஊர் ப்ளக் பாயிண்டில் செருகவே கூடாது.

நமக்கு முக்கியமானது "அவுட்புட்" என்ற வரி. உதாரணமாக 12 வோல்ட், 1.25 ஆம்பியர் என்று இருக்கும். இந்த இரண்டு எண்களையும் ஒரே மாதிரி நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. இரண்டும் வேறு வேறு விதிகள் கொண்டவை.

வோல்ட் என்பது அடாப்டர் தள்ளும் அழுத்தம். மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகத்தில் குழாயில் தண்ணீர் வரும் அல்லவா, அது போல. இதை ஹப் தீர்மானிக்க முடியாது. அடாப்டர் கொடுப்பதை வாங்கிக் கொள்ள வேண்டியதுதான். எனவே வோல்ட் சரியாக அதே எண்ணாக இருக்க வேண்டும். 5 என்றால் 5, 12 என்றால் 12. "9 வோல்ட்தானே, 12 போட்டால் கொஞ்சம் வேகமாக ஓடும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆம்பியர் அப்படி இல்லை. அடாப்டரில் 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், "அதிகபட்சம் 2 ஆம்பியர் வரை என்னால் தர முடியும்" என்று பொருள். அதில் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வது ஹப்தான். 1 ஆம்பியர் தேவைப்படும் ஹப், 3 ஆம்பியர் அடாப்டரிலிருந்தும் 1 ஆம்பியர் மட்டுமே எடுக்கும். எனவே ஆம்பியர் அதே அளவு அல்லது அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் அடாப்டர் சூடாகும், அல்லது ஹப் என் நண்பர் வீட்டில் செய்தது போல அடிக்கடி விழும்.

சில அடாப்டர்களில் ஆம்பியருக்குப் பதில் வாட் மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 12 வோல்ட், 1.25 ஆம்பியர் என்றால் 15 வாட். இங்கே ஒரு பொறி இருக்கிறது. "15 வாட் அடாப்டர் கொடுங்கள்" என்று கடையில் கேட்டால் 5 வோல்ட் 3 ஆம்பியரும் 15 வாட்தான். வாட் எண்ணை வைத்து மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

ஒரே குடும்பம், வேறு வோல்ட்

"அதே கம்பெனி, அதே பெயர், அதே உருவம், பழைய மாடலின் அடாப்டர் புதிய மாடலுக்கு ஓடாதா?" என்று கேட்கலாம். ஓடாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. அமேசானின் எக்கோ டாட் இரண்டாம் தலைமுறை (2016) மைக்ரோ யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் வாங்கியது. அடுத்த தலைமுறை (2018) வந்த போது ரவுண்ட் பின்னுக்கு மாறி, 12 வோல்ட், 1.25 ஆம்பியர் ஆனது. கூகுள் ஹோம் மினி (2017) 5 வோல்ட், 1.8 ஆம்பியர். அதன் வாரிசாக 2019-ல் வந்த நெஸ்ட் மினி, பார்ப்பதற்கு அச்சு அசல் அதே போல இருந்தாலும் 14 வோல்ட், 1.1 ஆம்பியர் கேட்டது. 14 என்பது டப்பாவில் கிடைக்காத எண். 12 வோல்ட் அடாப்டர்கள் எங்கும் கிடைக்கும் என்பதால் "கிட்டத்தட்ட சரிதானே" என்று தோன்றும். விட்டுவிடுங்கள், அதற்குரிய அடாப்டரையே தேடுங்கள்.

ஜிக்பீ ஹப்பை உள்ளேயே வைத்திருக்கும் எக்கோ நான்காம் தலைமுறைக்கு (2020) 30 வாட் அடாப்டர் வந்தது. அது 18 வோல்ட். சதுர வடிவ பிலிப்ஸ் ஹியூ பிரிட்ஜுக்கு (2015) 5 வோல்ட், 0.6 ஆம்பியர் போதும். ஹோம் அசிஸ்டென்ட் க்ரீன் (2023) என்னும் பெட்டிக்கு 12 வோல்ட், 1 ஆம்பியர். இவை எல்லாம் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கேட்கும் வோல்ட் மட்டும் ஆளுக்கொன்று.

அடாப்டர் தொலைந்தே போய்விட்டதா? ஹப்பைத் திருப்பி அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் தேவையான வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிடப்பட்டிருக்கும். இல்லை என்றால் அங்குள்ள மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான விவரப் பக்கத்தைத் தேடவும். மாடல் எண்ணைத் தேட வேண்டும். பெயரை மட்டும் தேடினால் வேறு தலைமுறையின் விவரம் வந்து நிற்கும்.

பின்னும் துருவமும்

ரவுண்ட் பின்னில் இரண்டு அளவுகள் உண்டு. வெளி விட்டம் ஒன்று, நடுவே உள்ள துளையின் விட்டம் மற்றொன்று. மிகப் பரவலானவை 5.5 x 2.1 மி.மீ. மற்றும் 5.5 x 2.5 மி.மீ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 2.1 துளை கொண்ட பின், 2.5 கம்பி உள்ள ஜாக்கில் உள்ளே போகாது, அது நல்லது. ஆனால் 2.5 துளை கொண்ட பின், 2.1 கம்பியில் தாராளமாகப் போய் லொட லொட என்று ஆடும். மேஜையைத் தட்டினால் ஹப் ரீஸ்டார்ட் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய லேப்டாப் அடாப்டர்கள் பலவற்றில் இந்த 5.5 x 2.5 பின் உண்டு. அவை தருவதோ 19 வோல்ட் போல. அந்த டப்பாவில் உள்ளவற்றில் மிக ஆபத்தானது இதுதான். லேப்டாப் அடாப்டரைத் தனியே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

அடுத்து துருவம். லேபிளில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வாய் திறந்த வளையம், இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகள் கொண்ட சிறு படம் இருக்கும். நடுப் புள்ளியோடு கூட்டல் குறி இணைந்திருந்தால் பின்னின் உட்பகுதி பாசிட்டிவ். இன்று வரும் ஹப், ரவுட்டர் போன்றவை பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் கிட்டார் எஃபெக்ட் பெடல்களுக்கும் சில பழைய மியூசிக் கீபோர்டுகளுக்கும் வரும் அடாப்டர்கள் தலைகீழ்: உள்ளே நெகட்டிவ். ஹப்பில் உள்ள படமும் அடாப்டரில் உள்ள படமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அவுட்புட் வரியில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர் கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் அது டிசி. பாம்பு போல நெளிந்த கோடு இருந்தால் ஏசி. அவுட்புட்டிலும் ஏசி தரும் அடாப்டர்கள் சில பழைய டயல்அப் மோடம்களுக்கு வந்தன. இன்னும் எங்காவது வைத்திருப்பீர்கள். ஹப்புக்கு அது ஆகாது. அதே போல எல்இடி பேனல் விளக்கோடு வரும் சிறு வெள்ளைப் பெட்டியும் அடாப்டர் அல்ல. அது எல்இடி டிரைவர். ஆம்பியரை நிலையாக வைத்து வோல்ட்டை ஏற்றி இறக்கும். ஹப்பின் தேவைக்கு நேர் எதிர்.

யுஎஸ்பி என்றால் நிம்மதியா?

ஓரளவு நிம்மதிதான். மைக்ரோ யுஎஸ்பி அல்லது யுஎஸ்பி-சி மூலம் மின்சாரம் வாங்கும் ஹப்புகளுக்கு வோல்ட் தவறும் ஆபத்து மிகக் குறைவு. யுஎஸ்பி சார்ஜர்கள் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். "ஃபாஸ்ட் சார்ஜிங்" என்று 9, 12, 20 வோல்ட் வரை தரும் சார்ஜர்கள் கூட, எதிரில் உள்ள கருவி கேட்டால்தான் வோல்ட்டை உயர்த்தும். கேட்காத ஹப்புக்கு 5 வோல்ட்தான் கிடைக்கும். எனவே உங்களது 65 வாட் லேப்டாப் சார்ஜரில் 5 வோல்ட் ஹப்பை இணைத்தால் அது எரிந்துவிடாது. நல்ல நிறுவனத்தின் சார்ஜராக இருந்தால் என்பதைச் சேர்த்துப் படிக்கவும்.

ஒரு வினோதமும் உண்டு. சில மலிவான கருவிகளில் யுஎஸ்பி-சி வாய் இருக்கும். ஆனால் இரு முனையிலும் சி உள்ள கேபிளைப் போட்டால் உயிரே வராது. சார்ஜர் பக்கம் பழைய பட்டை வடிவ யுஎஸ்பி, ஹப் பக்கம் சி என்று உள்ள கேபிளைப் போட்டால் உடனே எரியும். "எனக்கு மின்சாரம் வேண்டும்" என்று சார்ஜருக்குச் சொல்லும் இரண்டு சிறு ரெசிஸ்டர்களை அந்தக் கருவியில் வைக்காமல் விட்டதுதான் காரணம். சார்ஜர் கெட்டுவிட்டது என்று தூக்கி எறியும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேபிள் என்றதும் நினைவுக்கு வருகிறது. 5 வோல்ட் ஹப்புகளில் நான் பார்த்த தொல்லைகளில் பல, அடாப்டரால் வந்தவை அல்ல, கேபிளால் வந்தவை. 28 கேஜ் என்னும் மெல்லிய கம்பி உள்ள 2 மீட்டர் கேபிளில் 1 ஆம்பியர் ஓடினால், போக வர 4 மீட்டர் கம்பியிலேயே சுமார் 0.85 வோல்ட் தொலைந்துவிடும். சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கிளம்பினாலும் ஹப்புக்குப் போய்ச் சேருவது 4.15. இதுவே 22 கேஜ் தடிமன் கம்பியாக இருந்தால் இழப்பு 0.2 வோல்ட் அளவுதான். வெளியே ரப்பர் தடிமனாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே கம்பி நூலாக இருக்கலாம். கேபிள் மேலேயே கேஜ் எண் அச்சிட்டிருந்தால் படித்துப் பாருங்கள். எண் சிறியதாக இருந்தால் கம்பி தடிமன் அதிகம். முடிந்தவரை குட்டையான கேபிளாகப் பாருங்கள்.

ராஸ்பெரி பை போர்டில் ஹோம் அசிஸ்டென்ட் போட்டு, அதையே ஹப்பாக வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பை 4 மாடலுக்கான சொந்த அடாப்டர் 5 வோல்ட் அல்ல, 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அந்த 0.1 வோல்ட், கேபிளில் தொலையப் போவதற்கு முன்கூட்டியே கொடுத்த படி. வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரையின் மூலையில் மின்னல் சின்னம் காட்டி எச்சரிக்கும். நாம் கடையில் வாங்கும் ஹப்புகளில் இந்த வசதி இருப்பதில்லை. அவை சொல்லாமல் கொள்ளாமல் விழும்.

மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால்

சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஒன்றை வீட்டில் வாங்கி வையுங்கள். டிசி 20 வோல்ட் என்ற இடத்தில் திருகியை வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும், கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் தொடவும். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் உள்ளே நெகட்டிவ் என்று பொருள். இதே மீட்டரை வைத்து சுவர் ப்ளக் பாயிண்டைச் சோதிக்க இறங்க வேண்டாம். அது எலக்ட்ரீஷியன் வேலை.

12 வோல்ட் அடாப்டர் 11.4 முதல் 12.6 வரை காட்டினால் சரி. ஆனால் கையில் எடுத்தால் செங்கல் போல கனக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர்கள் சில, 12 என்று எழுதியிருந்தாலும் எதிலும் இணைக்காத போது 16 வோல்ட் வரை காட்டும். சுமை ஏறினால்தான் இறங்கும். அந்தக் காலத்துக் கருவிகள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஹப்புக்கு அவை வேண்டாம். மீட்டர் சரியான எண்ணைக் காட்டிவிட்டது என்பதற்காக அடாப்டர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. சாகப் போகும் அடாப்டரும் சுமை இல்லாத போது சரியான எண்ணைத்தான் காட்டும்.

கடைக்குப் போகும் போது

பழைய அடாப்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் பெரும்பாலும் பின்னைத்தான் முதலில் பார்ப்பார். "போட்டுப் பாருங்க சார், ஓடும்" என்று சொன்னால், லேபிளில் உள்ள அவுட்புட் வரியைக் காட்டி இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. ஹப் தயாரித்த நிறுவனமே அடாப்டரைத் தனியாக விற்றால் விலை கூடுதலாக இருந்தாலும் அதை வாங்குவது என் கட்சி. இல்லை என்றால் பெயர் தெரிந்த நிறுவனத்தின் அடாப்டர்.

இந்தியாவில் விற்கும் பவர் அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். 2012-ல் அறிவிக்கப்பட்ட மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவுத் திட்டத்தின் கீழ் அடாப்டர்களும் வருகின்றன. லேபிளில் பிஐஎஸ் சின்னமும், ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும் (பல அடாப்டர்களில் இது ஐஎஸ் 13252), ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற மொபைல் செயலியில் அந்தப் பதிவு எண்ணைக் கொடுத்தால் எந்த நிறுவனத்திற்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று காட்டும். அடாப்டரில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால் பில்லைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஹப் இரவும் பகலும், வீட்டில் யாரும் இல்லாத போதும் மின்சாரத்தில் இருக்கும் பொருள். 230 வோல்ட்டையும் உங்கள் விரல் படும் பின்னையும் பிரித்து வைத்திருப்பது அந்த அடாப்டரின் உள்ளே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியும் காப்பும்தான். மலிவு அடாப்டரில் முதலில் கை வைக்கப்படுவதும் அங்கேதான்.

3, 4.5, 6, 9, 12 என்று ஒரு நகர்த்தியில் வோல்ட்டை மாற்றிக் கொள்ளும் "யுனிவர்சல்" அடாப்டரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். சோதனை மேஜைக்கு அது நல்ல கருவி. வீட்டு ஹப்புக்கு நான் வேண்டாம் என்பேன். ஒரு நாள் தூசி துடைக்கும் துணி பட்டு 6-லிருந்து 9-க்கு நகர்ந்தால் யாருக்கும் தெரியாது.

கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட வேண்டும் என்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதிலேயே ஹப்பையும் இணைக்க நினைப்பது இயல்பு. ஹப்பும் 12 வோல்ட்டாக இருந்தால் செய்யலாம். ஆனால் ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். ரவுட்டருக்கு 1 ஆம்பியர், ஹப்புக்கு 1.25 ஆம்பியர் என்றால் மொத்தம் 2.25. யுபிஎஸ் தருவது 2 ஆம்பியர் என்றால் இரண்டும் முழு வேகத்தில் ஓடும் போது பற்றாது. பவர் பேங்கின் 5 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் கேபிள்களிலும் இதே கணக்குதான். 12 வோல்ட், 1 ஆம்பியர் வேண்டும் என்றால் 12 வாட். அதை 5 வோல்ட்டில் எடுக்க 2.4 ஆம்பியர், கேபிளில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். 2 ஆம்பியர் பவர் பேங்க் இங்கே தோற்றுவிடும்.

புது அடாப்டர் வந்துவிட்டது. முதலில் ஹப்பில் செருகாமல் சுவரில் மட்டும் செருகி, மீட்டரில் வோல்ட்டையும் துருவத்தையும் பாருங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, ஹப்பில் பின்னைச் செருகி, சுவிட்சைப் போடுங்கள். ஹப் முழுமையாக எழுந்து வர சில நிமிடங்கள் எடுத்துக் கொள்ளும். அதற்குள் ரீசெட் பட்டனை அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் சேர்த்து வைத்த விளக்குகளின் பட்டியல் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. உள்ளங்கையை வைத்திருக்க முடியாத அளவு சூடாக இருந்தாலோ, கீச் என்ற சத்தம் வந்தாலோ கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் இடி தொடங்கும் முன்னரே ஹப்பின் ப்ளக்கையும், அதோடு ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கி வைப்பது நல்லது. மின்னலின் அதிர்வு மின்கம்பி வழியாக மட்டும்தான் வரும் என்றில்லை.

பழைய டப்பாவை நான் தூக்கி எறியவில்லை. அதில் உள்ள ஒவ்வொரு அடாப்டரின் வயரிலும், பின்னுக்குப் பக்கத்தில், ஒரு துண்டு மெடிக்கல் பிளாஸ்திரி ஒட்டி, எந்தக் கருவிக்கு, எத்தனை வோல்ட் என்று பேனாவால் எழுதிவிட்டேன். எதனுடையது என்று தெரியாத மூன்று மின்னணுக் கழிவுக்குப் போயின. ஹப்பின் அடியிலும் "5 வோல்ட் மட்டும்" என்று ஒரு துண்டு இருக்கிறது. அம்மாவின் டார்ச் லைட்டும் இன்னும் தலையணைக்குப் பக்கத்தில்தான். நடை விளக்கு மீண்டும் எரியத் தொடங்கிய பின்னும் அவர் அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.